வில்லும் தணிப்பானும்: ஜப்பானிய வேகனுக்கு ஏற்ற தாங்கமைப்பைத் தெரிதல்

வண்டியின் சிறப்பை அதன் வேகத்தால் அளப்போர் பலர். ஏறியிருப்போரை அஃது எவ்வாறு தாங்கிச் செல்கின்றது என்பதால் அளப்போர் சிலரே. கல்முனைக் கரையில் வாழும் நமக்கு இரண்டாம் அளவையே பெரிதும் வேண்டப்படுவது. மருதமுனை, கல்முனை, சாய்ந்தமருது, காரைதீவு, நிந்தவூர், அக்கரைப்பற்று என நம் ஊர்களைக் கோத்துச் செல்லும் ஏ4 நெடுஞ்சாலை சமதளமானது. அதிலிருந்து கிழக்கே திரும்பினாற் கடற்கரை மணல் ஒழுங்கை. மேற்கே திரும்பினால் வயலுக்குச் செல்லும் கிரவல் வழி. கண்டிக்குப் புறப்பட்டாலோ, மகியங்கனைக்கு அப்பால் பதினெட்டு வளைவு எனப் பெயர்பெற்ற மலைப்பாதை. இத்தனைக்கும் ஒரே வண்டி ஈடுகொடுத்தல் வேண்டும்.

இவ்வழிகளில் ஓடும் ஜப்பானிய வேகன்களிற் பல, அந்நாட்டில் முன்னரே ஓடிப் பின் இங்கு இறக்குமதியானவை. வாகன இறக்குமதி 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்டு, தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியிலேயே மீண்டும் திறக்கப்பட்டது. இடைப்பட்ட ஆண்டுகளிற் கையிலிருந்த வண்டியைப் பேணிக்கொள்வதன்றி வேறு வழி இருக்கவில்லை. அதனால் பழைய தாங்கமைப்பைக் கழற்றி, அதனினும் "வலிதானது" ஒன்றைப் பூட்டும் ஆசையும் பலரிடம் வளர்ந்தது. ஆசை தவறன்று, எதனை எதற்காகப் பூட்டுகின்றோம் என்று அறியாது பணத்தைச் செலவிடுவதே தவறு. பணம் மட்டுமன்று, வண்டியில் ஏறும் குடும்பத்தின் உயிரும் இத்தெரிவிற் பங்குகொள்கின்றது.

மொழியாசிரியன் இயந்திரம்பற்றி எழுதலாமோ எனச் சிலர் ஐயுறலாம். இரு சொற்களின் பொருளை வேறுபிரித்துக் காட்டுதல் மொழியாசிரியன் தொழிலே. இங்கும் செய்யப்படுவது அதுவே.

இரு உறுப்பு, இரு தொழில்

பின்புறம் தாழ்ந்தாலும், வண்டி துள்ளினாலும், வளைவிற் சரிந்தாலும், "ஷொக் போய்விட்டது" என்று ஒரே சொல்லால் கூறிவிடுகின்றோம். உண்மையில் தாங்கமைப்பில் முதன்மையான உறுப்புக்கள் இரண்டு. ஒன்று வில், அஃதாவது ஸ்பிரிங். மற்றது தணிப்பான், அஃதாவது ஷொக் அப்சோபர். நம் முன்னோர் பட்டைவில் பொருத்திய மாட்டுவண்டியை வில்வண்டி என்றே அழைத்தனர். அப்பெயரே வில்லின் தொழிலைத் தெளிவாக்குகின்றது.

வில் பாரத்தைத் தாங்கும். ஏற்றிய பாரத்துக்கு ஏற்ப அஃது அமுங்கும். பாரம் நீங்கின் மீளும். 1678 இல் ரொபேட் ஊக் வெளியிட்ட விதி இதுவே. விற்றராசைக் கையாண்ட மாணவர் யாவரும் இதனை அறிவர். ஆனால் அமுங்கிய வில் ஒருமுறை மீண்டு அமைவதில்லை. பலமுறை மேலும் கீழுமாக அலையும். அவ்வலைவை அடக்குவதே தணிப்பானின் தொழில். அதனுள் எண்ணெய் நிரம்பிய உருளையொன்றில் ஆடுதண்டு இயங்குகின்றது. எண்ணெய் சிறு துளைகளினூடே நெருக்கப்பட்டுச் செல்லும்போது அலைவின் சத்தி வெப்பமாக மாறிக் கழிகின்றது.

எனவே, நின்ற நிலையிலே பின்புறம் தாழ்ந்திருக்கும் வண்டிக்குப் புதிய தணிப்பான் பூட்டுவதாற் பயன் பெரிதும் இல்லை. அது வில்லின் குறை. ஒரு மேட்டைக் கடந்தபின் ஓயாது ஆடும் வண்டிக்கு வலிய வில் பூட்டுவதாலும் பயனில்லை. அது தணிப்பானின் குறை. இவ்வேறுபாட்டை அறிந்தவர் பாதிச் செலவைக் காத்துக்கொண்டவராவர்.

வாங்குமுன் ஆராய்தல்

மேம்படுத்துமுன் முதல் நிலைக்கு மீட்டல் வேண்டும். பத்து ஆண்டு ஓடிய வண்டியின் குறை, அதன் அமைப்பு மெலிந்தது என்பதனாலன்றித் தேய்ந்துபோனது என்பதனாலேயே பெரும்பாலும் தோன்றுகின்றது. ஆதலால் பின்வருவனவற்றை முதலிற் காண்க.

வண்டியைச் சமதரையில் வெறுமையாக நிறுத்தி, ஒவ்வொரு சில்லின் நடுவிலிருந்தும் மேலுள்ள மட்கார்ட் விளிம்புவரை அளந்து எழுதுக. இடமும் வலமும் வேறுபடின் ஒரு வில் தளர்ந்திருத்தல் அல்லது முறிந்திருத்தல் கூடும். பின்னர் ஒவ்வொரு மூலையையும் அழுத்திக் கைவிடுக. மேலெழுந்து ஒருமுறை தாழ்ந்து அமைந்தால் நன்று; மேலும் ஆடினால் தணிப்பான் தளர்ந்தது. தணிப்பானின் உடலில் எண்ணெய் வழிந்த ஈரமும் மணலும் படிந்திருப்பின் அதன் காலம் முடிந்தது. டயரின் முகம் இடையிடையே குழிவிழுந்து தேய்ந்திருப்பதும் அதனையே உணர்த்தும். இவையெல்லாம் செவ்வனே இருந்தும் "கடகட" என்னும் ஒலி கேட்பின், றப்பர் புஷ்களையும் முன் ஸ்ரட்டின் மேற்றாங்கியையும் பார்த்தல் வேண்டும். சிறு றப்பர்த் துண்டின் குறைக்காகத் தொகுதி முழுவதையும் மாற்றியோர் உளர்.

பாரத்தின் கணக்கு

மயிற்பீலியே ஆயினும் அளவுக்கு மிஞ்சி ஏற்றினால் வண்டியின் அச்சு முறியும் என்னும் கருத்தை வள்ளுவர் வலியறிதல் என்னும் அதிகாரத்தில் வைத்தார். வில்லைத் தெரிவோர் தொடங்கவேண்டிய இடமும் அதுவே: நம் வண்டியில் நாம் நாள்தோறும் ஏற்றுவது எவ்வளவு?

எடுத்துக்காட்டாக ஒரு கணக்குச் செய்வோம். பின்புற வில் ஒவ்வொன்றும் 20 கிலோகிராம் பாரத்துக்கு 1 சதமமீற்றர் அமுங்குவது என்க. வெறுமையான வண்டியில் ஒவ்வொரு பின்வில்லும் 150 கிலோகிராம் தாங்குகின்றது. பின்னிருக்கையில் இருவரும் பொதிகளுமாக 160 கிலோகிராம் பின்னச்சின்மேற் சேர்ந்தால், வில்லொன்றுக்கு 80 கிலோகிராம். ஆகவே பின்புறம் 4 சதமமீற்றர் தாழும். இதற்குப் பதிலாக 30 கிலோகிராமுக்கு 1 சதமமீற்றர் அமுங்கும் வலிய வில்லைப் பூட்டினால் ஏறத்தாழ 2.7 சதமமீற்றர் தாழும். இலாபம் 1.3 சதமமீற்றர்.

இனி நட்டத்தைக் காண்போம். வெறுமையான வண்டி மெல்லிய வில்லில் விநாடிக்கு ஏறத்தாழ 1.8 முறை அலையும். வலிய வில்லில் 2.2 முறை அலையும். இம்மீடிறன் கூடுதலே உடம்புக்குக் "குலுக்கல்" எனத் தோன்றுவது. ஆனால் அதே வலிய வில், பாரம் முழுதும் ஏறியபின் மீண்டும் 1.8 முறையே அலைகின்றது. ஆகவே எப்போதும் பாரத்துடன் ஓடும் வண்டிக்கே வலிய வில் இனிமை தரும். மாதத்துக்கு ஒருமுறை மட்டும் பாரம் ஏற்றுபவர், அவ்வொரு நாளின் பொருட்டு ஏனைய நாளெல்லாம் குலுங்கவேண்டியவராவர். அத்தகையோர்க்கு இயல்பான வில்லே சாலும். வேண்டின் சுருள்வில்லின் உள்ளே வைத்துத் தேவையானபோது மட்டும் காற்றேற்றும் காற்றுப்பையை நாடலாம்.

இன்னுமொன்று நினைவிருத்தல் வேண்டும். வில்லை வலிதாக்கினால் அச்சும், போல்பெயாரிங்கும், டயரும், பிரேக்கும் வலிதாவதில்லை. பின்புறம் தாழாது நிற்கும் வண்டி, தாங்கத்தக்க அளவைக் கடந்துவிட்டதென்னும் எச்சரிக்கையை மறைத்துவிடுகின்றது.

வண்டிக்கு ஏற்ற தெரிவு

நம் தெருக்களில் மிகுதியாகக் காணப்படும் சுசுக்கி வேகன் ஆர், ஜப்பானின் கெய் வகுப்பைச் சேர்ந்தது. அவ்வகுப்பின் நீளம் 3.4 மீற்றரையும், அகலம் 1.48 மீற்றரையும், இயந்திரக் கொள்ளளவு 660 கனசதமமீற்றரையும் மிஞ்சலாகாது; இருக்கை நால்வர்க்கே. முன்புறம் மக்பேர்சன் ஸ்ரட், பின்புறம் சுருள்வில். ஒடுங்கிய அகலமும் உயர்ந்த கூரையும் உடையதாகையால், இதனை மேலும் உயர்த்துதல் வளைவிற் சரியும் இயல்பைக் கூட்டும். இதற்குத் தக்கது, முதல்நிலைக்கு ஒத்த வில்லும் நல்ல புதிய தணிப்பானுமே. எம்எச்34எஸ், எம்எச்44எஸ், எம்எச்55எஸ் எனச் சட்டக் குறியீடுகள் வேறுபடுகின்றன. இரு சில்லு இயக்கத்துக்கும் நான்கு சில்லு இயக்கத்துக்கும் உறுப்புக்களும் வேறுபடும். ஆதலால் "வேகன் ஆருக்கு" என்று மட்டும் கேட்டு வாங்காது, தகட்டிலுள்ள குறியீட்டை எழுதிச் செல்க.

டொயோட்டா கொரொல்லா டி.எக்ஸ். வேகன் பின்புறம் பட்டைவில் உடையது. மருதமுனைக் கைத்தறித் துணிப்பொதியோ நெல்மூடையோ நாள்தோறும் ஏற்றும் வணிகர்க்கு இதிற் பட்டையொன்று சேர்த்தல் பொருந்தும். ஆனால் அதற்கு ஈடான தணிப்பானையும் உடன்சேர்த்தல் வேண்டும். வில் ஒன்றரை மடங்கு வலிதாயின், பழைய தணிப்பானின் அடக்கும் ஆற்றல் ஐந்தில் ஒரு பங்கு குறைந்ததற்கு ஒப்பாகும்.

ஹைஏஸ் வானின் பின்புறமும் பட்டைவில்லே. முன்புறத்தில் முறுக்குத்தண்டு உண்டு. அதன் திருகாணியை இறுக்கினால் முன்புறம் உயருமேயன்றி வில் வலிதாகாது. இத்தகைய வான்கள் சிலவற்றில், பின்புறம் தாழும் அளவைக்கொண்டு பின் பிரேக்கின் அழுத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் வால்வொன்று உண்டு. பட்டை சேர்த்துப் பின்புறத்தை உயர்த்தினால், அவ்வால்வு நிறைந்த வண்டியையும் வெறும் வண்டியென்று கொள்ளும். பின் பிரேக் வலிகுன்றும். மாணவரை ஏற்றும் வான்களில் இதனைச் சரிபார்த்தல் இன்றியமையாதது.

அழகுக்காகச் சுருள்வில்லை அறுத்துத் தாழ்த்துவோரும் உளர். அறுத்த வில் தன் இருக்கையிற் செவ்வனே அமராது. வேகத்தடை ஒவ்வொன்றிலும் அடிப்பாகம் மோதும். இதனை எவர்க்கும் பரிந்துரைத்தற்கில்லை.

தணிப்பானின் வகைகள்

தணிப்பான் இரட்டைக்குழாய், ஒற்றைக்குழாய் என இருவகைப்படும். இரட்டைக்குழாய் மென்மையானது, விலை குறைந்தது, நம் அன்றாட ஓட்டத்துக்குப் போதியது. ஒற்றைக்குழாயில் எண்ணெயும் அழுத்திய நைதரசன் வாயுவும் தனித்தனியே நிற்பதால் எண்ணெய் நுரைப்பதில்லை. வெப்பமும் விரைந்து வெளியேறும். 1957 இல் ஜேர்மனியின் பில்ஸ்ரைன் நிறுவனம் இவ்வகையை மோட்டார் வண்டிக்குப் பெருமளவிற் கொணர்ந்தது. நீண்ட கிரவல் வழியில் நாள்தோறும் ஓடுவோர்க்கு இது தகும். பிறர்க்குச் சற்றே விறைப்பாகத் தோன்றும். ஜப்பானிய கே.வை.பி. நிறுவனமும் இருவகையையும் செய்கின்றது: எக்செல்-ஜி இரட்டைக்குழாய், கேஸ்-எ-ஜஸ்ட் ஒற்றைக்குழாய். பெயர்பெற்ற உறுப்புக்குப் போலியும் உண்டாகையால், பற்றுச்சீட்டும் உத்தரவாதமும் தருபவரிடமே வாங்குக. பழைய வண்டியிலிருந்து கழற்றிய தணிப்பானை மலிவென்று வாங்குதல், ஒருவர் தேய்த்த செருப்பை மற்றொருவர் விலைக்கு வாங்குதலாகும்.

பூட்டும் முறை

ஓர் அச்சின் இருபுறத்தையும் ஒருங்கே மாற்றுக. ஸ்ரட்டின் மேல்நட்டைக் கழற்றுமுன் வில்லை அமுக்கும் கருவியால் கட்டுதல் கட்டாயம். கட்டாது கழற்றின் வில் தெறித்து உயிரையும் பறிக்கும். றப்பர் புஷ்ஷின் திருகாணிகளை, வண்டி தன் பாரத்துடன் தரையில் நின்றபின்னரே இறுதியாக இறுக்குக. தூக்கிய நிலையில் இறுக்கினால் றப்பர் முறுகி விரைவிற் கிழியும். பின்னர் வீல் எலைன்மென்ட் செய்து, முன்விளக்கின் நோக்கையும் சரிசெய்க. பின்புறம் தாழ்ந்த வண்டியின் விளக்கு எதிர்வருவோர் கண்ணைக் குருடாக்கும். நம் கரையின் உப்புக்காற்று வில்லையும் ஆடுதண்டையும் அரிப்பதாகையால், மணலில் ஓடிய பின்னர் அடிப்பாகத்தை நன்னீராற் கழுவுதலும், ஆடுதண்டின் தூசுறை கிழியாது காத்தலும் செய்யத்தக்கன.

தொகுத்துரைப்பின்: முதலில் அளத்தல், அடுத்துத் தேய்ந்ததை மீட்டல், பின்னர் பாரத்துக்கேற்ப வில், வில்லுக்கேற்பத் தணிப்பான். இவ்வரிசை மாறினால் எவ்வளவு விலையுயர்ந்த உறுப்பும் பயன்படாது.

மாணவர்க்குப் பயிற்சி

1. பின்வில் ஒவ்வொன்றும் 25 கிலோகிராமுக்கு 1 சதமமீற்றர் அமுங்கும். பின்னச்சின்மேல் 200 கிலோகிராம் ஏற்றினால் வண்டி எவ்வளவு தாழும்?

2. தனியே பாடசாலைக்குச் செல்லும் ஆசிரியர், நாள்தோறும் துணிப்பொதி ஏற்றும் வணிகர், ஆண்டுக்கு இருமுறை குடும்பத்துடன் கண்டி செல்பவர் ஆகிய மூவருள் வலிய வில் எவர்க்குத் தகும்? காரணம் தருக.

3. உங்கள் வீட்டிலோ அயலிலோ உள்ள வண்டியொன்றின் நான்கு மூலைகளையும் அளந்து எழுதி, அதன் குறை வில்லினதா, தணிப்பானினதா என்று உரியவர்க்கு விளக்குக.