தங்கம் புண்ணை ஆற்றாது

"தங்கந்தானே டாக்டரம்மா, ஒண்ணும் ஆகாதுன்னாங்க." காது சிவந்து வீங்கிச் சீழ் கோத்த கைக்குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு, தோல் மருத்துவரான என்னிடம் தாய்மார்கள் முதலில் சொல்வது இதைத்தான். சொன்னவர் மாமியாராக இருப்பார், பக்கத்து வீட்டு அக்காவாக இருப்பார், சில நேரம் தோடு விற்ற கடைக்காரராகவே இருப்பார். தங்கம் போட்டால் சீழ் பிடிக்காது என்று தொடங்கிய பேச்சு, தங்கம் புண்ணை ஆற்றும் என்று வளர்ந்து, தங்கக் கம்பியாலேயே குத்தினால் வேறு எந்தச் சுத்தமும் தேவையில்லை என்பதில் வந்து நிற்கிறது. மூன்றும் தவறு. இதை நம்பி வீட்டிலேயே ஒரு வாரம், பத்து நாள் என்று கடத்திவிட்டு, குழந்தைக்குக் காய்ச்சல் வந்த பிறகு ஓடிவருகிறார்களே, அதைப் பார்த்துப் பார்த்து எனக்குப் பொறுமை போய்விட்டது.

சீழ் பிடிப்பது கிருமியால். காதுப் புண்ணில் நாங்கள் அடிக்கடி பார்க்கும் கிருமி ஸ்டஃபைலோகாக்கஸ். அது நம் தோலிலும் மூக்குத் துவாரத்திலும் குடியிருப்பது. குழந்தையைத் தூக்கிக் கொஞ்சும் ஒவ்வொரு கையிலும் இருக்கக்கூடியது. தங்கம் அதை என்ன செய்துவிடும்? தங்கம் கறுக்காமல், துருப்பிடிக்காமல் இருப்பதற்குக் காரணம், அது எதனோடும் எளிதில் வினைபுரியாது என்பதுதான். நகைக்கு உயர்வைத் தரும் அதே குணத்தால்தான் காதில் கிடக்கும் கம்பி கிருமியையும் ஒன்றும் செய்வதில்லை. உலோகங்களில் கிருமியைக் கொல்லும் திறன் வெள்ளிக்கு உண்டு. தீக்காயத்துக்குப் போடும் சில்வர் சல்ஃபாடயசின் களிம்பு அதனால்தான் பயன்படுகிறது. அதற்காகக் குழந்தைக்கு வெள்ளிக் கம்பி போடச் சொல்லவில்லை. ஆறாத துளையில் வெள்ளி கிடந்தால் கறுத்துத் தோலில் கறை படியும். ஓர் உலோகத்தின் பெயரைச் சொல்லி மருத்துவத்தைத் தள்ளிப்போடாதீர்கள் என்றுதான் சொல்கிறேன்.

காது குத்தும் நாளில் என்ன நடக்கிறது என்று யோசித்துப் பாருங்கள். குலதெய்வக் கோயில். காலையில் முடியிறக்கம். மழித்த தலையில் சந்தனம் அப்புகிறோம். கிண்ணத்தில் கரைத்த தண்ணீர் எந்தக் குழாயிலிருந்து வந்தது, எத்தனை விரல்கள் அதில் நனைந்தன என்று யாரும் பார்ப்பதில்லை. அந்த ஈரம் ஆறுமுன் தாய்மாமன் மடியில் உட்காரவைத்துக் காது குத்துகிறோம். குழந்தை வீறிட்டு அழும்போது சந்தனமும் வியர்வையும் வெட்டிய முடித்துணுக்கும் வழிந்து வந்து சேரும் இடம் காதுமடல். பிறகு சீர் கொண்டுவந்த சொந்தபந்தம் முழுவதும் முறை வைத்து அந்தக் காதைத் தொட்டுப் பார்க்கிறது. இதற்கு நடுவில் கம்பி தங்கமா பித்தளையா என்பதால் எந்த வித்தியாசமும் வரப்போவதில்லை.

காது குத்தும் ஆசாரிகளை நான் குறை சொல்லவில்லை. இரண்டு காதிலும் ஒரே உயரத்தில் புள்ளி வைத்து, திமிறும் குழந்தைக்கு ஒரே மூச்சில் குத்திவிடும் அந்தக் கை நிதானம் பல மருத்துவர்களுக்கு வராது. சுத்தத்தில்தான் கோட்டை விடுகிறோம். குத்துமுன் சோப்புப் போட்டுக் கை கழுவி, புதுக் கையுறை மாட்டி, காதுமடலின் இரு பக்கமும் ஸ்பிரிட்டால் துடைத்துக் காயவிட்டு, உறையிலிருந்து அப்போதுதான் பிரித்த ஊசியால் குத்துங்கள் என்று கேளுங்கள். கேட்பதற்குக் கூச்சப்பட வேண்டாம். முடியிறக்கத்தை ஒரு நாளும் காதுகுத்தை வேறொரு நாளும் வைத்துக்கொண்டால் இன்னும் நல்லது. மண்டபம் பிடித்தாகிவிட்டது, ஒரே செலவாக முடிக்க வேண்டும் என்றால், காதை முதலில் குத்திவிட்டுச் சந்தனத்தை அன்றைக்கு விட்டுவிடுங்கள். தெய்வம் கோபிக்காது.

இன்னொன்று. நீங்கள் தங்கம் என்று நம்பிப் போடுவது முழுத் தங்கம் இல்லை. 22 காரட் என்றால் 91.6 சதவீதம் தங்கம். மீதி செம்பு, வெள்ளி போன்றவை. 18 காரட்டில் தங்கம் 75 சதவீதம்தான். வெள்ளைத் தங்கம் என்று விற்பதில் நிக்கல் கலப்பதும் உண்டு. 2021 ஜூனிலிருந்து ஹால்மார்க் கட்டாயம் ஆயிற்றே என்பீர்கள். 2 கிராமுக்குக் குறைந்த நகைக்கு அந்தக் கட்டாயம் கிடையாது. கைக்குழந்தையின் தோடு எத்தனை கிராம் இருக்கும்? அரை கிராம், ஒரு கிராம். ஆகவே மென்மையான தோலில், ஆறாத புண்ணுக்குள் இருக்கப்போகும் நகைக்குத்தான் முத்திரை தேவையில்லை என்று விட்டிருக்கிறோம். திருகாணியும் தண்டும் எந்தத் தரத்தில் செய்தவை என்று கடையில் கேட்டு எழுதி வாங்குங்கள்.

சுத்தத் தங்கமே ஆனாலும் ஒவ்வாமை வரவே வராது என்பதும் இல்லை. அமெரிக்கத் தொடு ஒவ்வாமை மருத்துவர்களின் சங்கம் ஆண்டுதோறும் கவனிக்கப்பட வேண்டிய ஒவ்வாமைப் பொருள் ஒன்றைத் தேர்ந்து அறிவிக்கும். 2001இல் அது அறிவித்தது தங்கத்தை. எல்லோருக்கும் வரும் என்று பயமுறுத்தவில்லை. பெரும்பாலான குழந்தைகளுக்குத் தங்கம் ஒத்துக்கொள்ளும். ஆனால் காது அரித்து நீர் வடியும்போது "தங்கம் ஒத்துக்காமப் போகுமா?" என்று என்னிடம் வாதாடாதீர்கள்.

2008இல் அதே சங்கம் சொன்னது நிக்கலை. எங்கள் துறையில் உண்மையான வில்லன் இதுதான். முதல் வருடம் தங்கத்தில் போட்ட தோட்டைப் பள்ளிக்கூடம் போகும்போது தொலைந்துவிடும் என்று கழற்றிவிட்டு, தெருமுனைக் கடையில் கவரிங் தோடு வாங்கி மாட்டுகிறோம். மேலே தங்க முலாம், அடியில் பல சமயம் நிக்கல். வியர்வை பட்டு முலாம் தேய்ந்ததும் நிக்கல் கரைந்து தோலுக்குள் போகிறது. உடம்பு அதை ஒருமுறை எதிரியாகக் குறித்துக்கொண்டால் பெரும்பாலும் வாழ்நாள் முழுக்க மறக்காது. பத்து வருடம் கழித்து அந்தப் பெண்ணுக்கு ஜீன்ஸ் பட்டன் படும் இடத்தில், தொப்புளுக்குக் கீழே, தோல் கறுத்துத் தடித்து அரிக்கும். கைக்கடிகாரம், மூக்குக் கண்ணாடியின் சட்டம் என்று தொட்டதெல்லாம் அரிக்கும். ஆரம்பம் அந்தப் பத்து ரூபாய்த் தோடு என்பது யாருக்கும் நினைவிருக்காது.

இதைத் தடுக்க முடியும் என்று டென்மார்க் காட்டிவிட்டது. நகையிலிருந்து கசியும் நிக்கலுக்கு 1990 வாக்கில் அந்த நாடு சட்டத்தால் வரம்பு கட்டியது. பிறகு அங்கே பள்ளி மாணவிகளைச் சோதித்துப் பார்த்தார்கள். வரம்பு நடைமுறைக்கு வருமுன் காது குத்திக்கொண்டவர்களில் 17.1 சதவீதம் பேருக்கு நிக்கல் ஒவ்வாமை. பின்னால் குத்திக்கொண்டவர்களில் 3.9 சதவீதம். 1994இல் ஐரோப்பிய ஒன்றியமும் வரம்பு கொண்டுவந்தது. துளைக்குள் போகும் தண்டிலிருந்து வாரத்துக்கு ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 0.2 மைக்ரோகிராமுக்குமேல் நிக்கல் கசியக்கூடாது என்பது அங்கே விதி. கவனியுங்கள், எவ்வளவு கலந்திருக்கிறது என்பதை அவர்கள் கேட்கவில்லை, எவ்வளவு கசிகிறது என்பதைத்தான் கேட்கிறார்கள். சர்ஜிக்கல் ஸ்டீலில் 10 சதவீதத்துக்குமேல் நிக்கல் இருந்தும் அது இறுகப் பிணைந்திருப்பதால் கசிவு மிகக் குறைவு. கசிகிறதா என்று கண்டுபிடிப்பதும் சுலபம். டைமெத்தில்கிளையாக்சைம் என்ற கரைசலைப் பஞ்சில் நனைத்துத் தோட்டில் தேய்த்தால், நிக்கல் கசிந்தால் பஞ்சு இளஞ்சிவப்பாகும். இத்தனை எளிய சோதனை இருக்கும்போது, குழந்தைகளுக்கென்று விற்கும் ஒவ்வொரு கவரிங் தோட்டுக்கும் அட்டையில் நிக்கல் விவரம் அச்சிடச் சொல்ல நமக்கு என்ன தடை? நுகர்வோர் அமைப்புகள் இதைக் கையில் எடுக்க வேண்டும். 2 கிராம் விலக்கையும் குழந்தை நகைக்கு நீக்கச் சொல்லிக் கேட்க வேண்டும். கூப்பிடுகிற கூட்டத்துக்கெல்லாம் போய் இதைச் சொல்லிக்கொண்டிருக்கிறேன், இன்னமும் சொல்வேன்.

மற்ற கட்டுக்கதைகளைச் சுருக்கமாகவே சொல்லிவிடுகிறேன்.

காதுமடலின் நடுவில் கண்ணுக்கும் மூளைக்கும் நரம்பு போகிறது, குத்தினால் பார்வையும் புத்தியும் தெளியும், முன்னோர் தெரிந்தே வைத்தார்கள் என்று வாட்ஸ்அப்பில் ஒரு படம் சுற்றுகிறது. தலைகீழாகக் கிடக்கும் சிசுவைக் காதில் வரைந்த அந்தப் படத்தின் மூலம் 1950களில் பிரான்சின் லியோன் நகரத்து மருத்துவர் பால் நோழியே போட்ட வரைபடம். நம் முன்னோருக்கும் அதற்கும் தொடர்பில்லை. காதுமடலில் இருப்பது தோல், கொழுப்பு, இரத்தக் குழாய், தொடு உணர்வு நரம்பு. கண்ணுக்குப் போகும் நரம்பு அங்கே எதுவும் இல்லை. முன்னோர் சொன்னது வேண்டுமென்றால் சுசுருத சம்ஹிதையைப் பாருங்கள். சூத்திரத்தானத்தின் 16ஆம் அத்தியாயம் காது குத்துவது பற்றியது. காப்புக்கும் அழகுக்கும் என்றுதான் அதில் காரணம் சொல்லியிருக்கிறது. வெயிலில் காதுமடலைப் பிடித்துப் பார்த்து, ஒளி ஊடுருவும் இடத்தில், இரத்தக் குழாயில் படாமல் குத்தச் சொல்கிறது. தப்பிக் குத்தினால் வலி, காய்ச்சல், வீக்கம் வரும் என்று எச்சரித்துவிட்டு, அறுந்த மடலை ஒட்டுவதற்கு 15 வழிகளை விவரிக்கிறது. அந்த நூலுக்கு இருந்த எச்சரிக்கை உணர்வு, அதன் பெயரைச் சொல்லிப் படம் அனுப்புகிறவர்களுக்கு இல்லை.

பச்சைக் குழந்தைக்கு வலி தெரியாது என்பது பொய். கைக்குழந்தையும் வலியை உணர்கிறது என்பதை 1987லேயே ஆனந்த், ஹிக்கி என்ற இரு மருத்துவர்கள் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் சான்றுகளோடு எழுதிவிட்டார்கள். தாய்ப்பால் குடிக்கும்போது குத்தினால் வலி குறையும். மரத்துப்போகும் களிம்பும் இருக்கிறது. கைக்குழந்தைக்கு அதை மருத்துவர் சொன்ன அளவில் மட்டுமே தடவ வேண்டும்.

கன் ஷூட் என்னும் காது குத்தும் துப்பாக்கி நவீனமானது, அதனால் சுத்தமானது என்கிறார்கள். பிளாஸ்டிக் உடல் கொண்ட பழைய வகைத் துப்பாக்கியை 121 டிகிரி ஆவியில் வைத்துச் சுத்தப்படுத்த முடியாது, உருகிவிடும். தோலைத் தொடும் பாகம் முழுவதும் ஒரே முறை பயன்படுத்தி வீசும் வகை என்றால் மடலுக்கு மட்டும் பரவாயில்லை. காதின் மேல்பகுதிக் குருத்தெலும்பில் எந்தக் குழந்தைக்கும் குத்தாதீர்கள். அதற்குச் சொந்த இரத்த ஓட்டம் கிடையாது, தொற்று வந்தால் காதே சுருங்கிப்போகும். 2000இல் அமெரிக்காவின் ஒரிகன் மாநிலத்தில் ஒரே கடையில் மேல்காது குத்திக்கொண்ட 7 பேருக்கு சூடோமோனாஸ் தொற்று உறுதியானது. கிருமிநாசினி தெளிக்கும் பாட்டிலுக்குள்ளேயே அந்தக் கிருமி இருந்தது.

மஞ்சள் பொடி, தேங்காய் எண்ணெய், சாம்பல் எதுவும் வேண்டாம். துளை மூடாமல் இருக்க வேப்பங்குச்சி செருகுவதும் வேண்டாம். மண்ணிலும் சாணத்திலும் இருக்கும் ரணஜன்னிக் கிருமியின் வித்து இவற்றில் ஒட்டியிருக்கலாம், அது சும்மா கொதிக்கவைத்தாலும் சாகாது. மருந்துக்கடையில் நார்மல் சலைன் வாங்கி, கை கழுவிவிட்டு, பஞ்சில் நனைத்துத் தினம் இரண்டு முறை துடைத்தால் போதும். தோட்டைத் தினமும் சுற்றிவிட வேண்டும் என்பதும் பழைய பேச்சு. ஆறும் தோலைக் கிழிப்பதுதான் மிச்சம். முதலில் போட்ட தோட்டை ஆறு வாரத்துக்குக் கழற்றாதீர்கள்.

எந்த வயதில் என்று கேட்பவர்களுக்கு: 6, 10, 14 வாரங்களில் போடும் பென்டாவேலன்ட் தடுப்பூசி மூன்றும் முடியட்டும். அதில் ரணஜன்னிக்கும் மஞ்சள் காமாலை பி-க்கும் காப்பு இருக்கிறது. மூன்று மாதத்துக்குள் வரும் எந்தக் காய்ச்சலும் மருத்துவமனையில் சேர்க்கவேண்டிய விஷயமாகலாம் என்பதால் 16ஆம் நாளோ 30ஆம் நாளோ குத்துவதை நான் ஒப்புக்கொள்ளவே மாட்டேன். நான்கிலிருந்து ஆறு மாதம் வரை நல்ல காலம். தவறினால் குழந்தை காதைப் பிய்க்கும் பருவம் தாண்டி, அதுவே கேட்கும் வயதுவரை பொறுங்கள். பெற்றோருக்கோ உடன்பிறந்தவருக்கோ கெலாய்டு என்னும் தடித்த தழும்பு இருந்தாலும், குழந்தைக்குப் பிறவி இதயக் கோளாறோ இரத்தம் உறையாத குறையோ இருந்தாலும், முதலில் மருத்துவரைக் கேளுங்கள்.

குத்திய சில நாளில் சூடு, வலி, சீழ் என்றால் பெரும்பாலும் தொற்று. வாரங்கள் கழித்தோ புதுத் தோடு மாற்றியதுமோ இரண்டு காதும் அரித்து நீர் வடிந்தால் பெரும்பாலும் ஒவ்வாமை. வீக்கத்தில் திருகாணி மடலுக்குள் புதைந்து கண்ணுக்குத் தெரியாமல் போனால் வீட்டில் பிடித்து இழுக்காதீர்கள், ஆசாரியிடமும் போகாதீர்கள். அன்றைக்கே மருத்துவரிடம் கொண்டுவாருங்கள். திருகாணி காதிலும் இல்லை, தொட்டிலிலும் இல்லை, குழந்தை இருமுகிறது என்றால் அடுத்த நிமிடமே 108ஐ அழையுங்கள்.