லிங்க்கைத் தொடும் முன்...

வங்கி அனுப்பியதாக லிங்க் வந்தால், முகவரியில் 'எச்டிடிபிஎஸ்://' என்பதை அடுத்து வரும் முதல் சாய்கோட்டைப் பாருங்கள். அங்கிருந்து வலமிருந்து இடமாகப் படியுங்கள். சாய்கோட்டை ஒட்டி இடப்பக்கம் இருக்கும் துண்டுதான் தளம் யாருடையது என்று சொல்லும்.

'எஸ்பிஐ.பேங்க்.இன்.கேஒய்சி-அப்டேட்.டாப்/லாகின்' என்றிருந்தால் அது ஸ்டேட் பேங்க் அல்ல, 'கேஒய்சி-அப்டேட்.டாப்' என்ற பெயரைப் பதிவு செய்தவருடையது. அதற்கு முன்னால் எந்த வங்கியின் பெயரையும் அவர் ஒட்டிக்கொள்ளலாம். சாய்கோட்டுக்குப் பின்னாலும் அப்படியே.

முகவரிக்கு அருகில் தெரியும் பூட்டுப் படத்தை நம்பவே நம்பாதீர்கள். மோசடித் தளத்துக்கும் அது சுலபமாகக் கிடைக்கும். இந்திய வங்கிகள் 2025 அக்டோபர் 31-க்குள் 'பேங்க்.இன்' முகவரிக்கு மாற வேண்டும் என்று ரிசர்வ் வங்கி உத்தரவிட்டது. ஆகவே சாய்கோட்டுக்குச் சற்று முன்னால் 'பேங்க்.இன்' இருக்கிறதா, அதற்கு முந்தைய பெயர் உங்கள் வங்கிதானா என்று பாருங்கள்.

பணம் பறிபோனால் தாமதிக்காமல் சைபர் குற்ற உதவி எண்ணான 1930-ஐ அழையுங்கள்.