ஜிங்க் மாத்திரையோடு காப்பரும் வேண்டுமா?

முடி கொட்டுகிறதென்று 50 மி.கி. ஜிங்க் மாத்திரையை மூன்று மாதமாகச் சாப்பிடுகிறேன். கூடவே காப்பர் மாத்திரையும் போட வேண்டும் என்கிறார்களே, உண்மையா?
— வாசகி, வெள்ளிமலை, கல்வராயன் மலை

காப்பர் வாங்க வேண்டாம், ஜிங்க்கை நிறுத்துங்கள். பெண்களுக்கு நாளொன்றுக்குச் சுமார் 13 மி.கி. துத்தநாகம் (ஜிங்க்) போதும் என்கிறது ஐ.சி.எம்.ஆர். பரிந்துரை. நீங்கள் எடுப்பது அதைப்போல் ஏறக்குறைய நான்கு மடங்கு.

துத்தநாகம் மிகுந்தால் குடல் செல்களில் மெட்டாலோதயோனின் என்ற புரதம் பெருகும். அது தாமிரத்தை (காப்பர்) ரத்தத்துக்குப் போகவிடாமல் பிடித்துக்கொள்ளும். செல்கள் உதிரும்போது தாமிரமும் மலத்தோடு வெளியேறிவிடும். தாமிரம் குறைந்தால் ரத்தசோகை வரும், வெள்ளணுக்கள் குறையும், கால் மரத்துப்போகும். மனிதர்களுக்கு வரும் துத்தநாகக் குறைபாட்டை உலகுக்குக் காட்டியவரே பீகாரில் பிறந்த மருத்துவர் ஆனந்த பிரசாத்தான். தினம் 150 மி.கி. துத்தநாகம் எடுத்த அரிவாள் செல் நோயாளிக்குத் தாமிரம் குறைந்ததை 1978-இல் பதிவுசெய்ததும் அவர் குழுவே!

தாமிரத்தை உடலில் சேரவிடாத இதே தன்மையால்தான், தாமிரம் உடலில் தேங்கும் வில்சன் நோய்க்குத் துத்தநாகத்தையே மருந்தாகத் தருகிறார்கள்.

வயிற்றுப்போக்குக்குக் குழந்தைகளுக்கு 14 நாள் தரும் ஜிங்க் வேறு கணக்கு. அதை நிறுத்த வேண்டாம்.

உங்கள் மலையில் விளையும் சாமை, கேழ்வரகு, கூடவே எள், வேர்க்கடலை, பயறு ஆகியவற்றில் இரண்டு தாதுக்களும் உண்டு. பயறை முளைகட்டியும் மாவைப் புளிக்கவைத்தும் சாப்பிட்டால் துத்தநாகம் நன்றாக உடலில் சேரும்.

முடி கொட்ட இரும்புச்சத்துக் குறைவோ தைராய்டோ காரணமாக இருக்கலாம். கள்ளக்குறிச்சி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போய், மூன்று மாதம் ஜிங்க் சாப்பிட்டதைச் சொல்லி ரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். கால் மரப்பு இருந்தால் தள்ளிப்போடாதீர்கள்.