மலைக் கிராமமும் நோய்க் கணக்கும்

நோயுற்ற ஒருவருக்கு மருந்தளிப்பவர் மருத்துவர் என்பதை யாவரும் அறிவர். ஊருக்கே நோய் கண்டால் அது எங்கிருந்து வந்தது, எவ்வழியே பரவுகிறது, எங்கே மறித்தால் நிற்கும் என்று ஆராய்ந்து சொல்பவர் ஒருவர் மாவட்டப் பொதுச் சுகாதாரத் துறையில் இருக்கிறார் என்பதைப் பலர் அறியார். அவரே நோய்ப்பரவியல் வல்லுநர். அவர் நாடி பிடித்துப் பார்ப்பதில்லை, ஊசி போடுவதுமில்லை. கணக்கேடும் நிலப்படமும் வினாக்களுமே அவருடைய கருவிகள். அவருடைய பணி இன்னதென்பதையும், ஜவ்வாது மலை போன்ற பகுதிகளில் ஊராட்சி ஒன்றியத்தைச் சார்ந்த நாம் அதற்கு எவ்வாறு துணை நிற்கக்கூடும் என்பதையும் இக்கட்டுரையில் ஆராய்வோம்.

மூன்று கேள்விகள்

யாருக்கு நோய் கண்டது, எங்கே கண்டது, எப்போது கண்டது என்னும் மூன்றுமே வல்லுநரின் முதற் கேள்விகள். 1854ஆம் ஆண்டில் லண்டன் மாநகரில் காலரா தோன்றியபோது, ஜான் ஸ்நோ என்னும் மருத்துவர் இறந்தோரின் வீடுகளை நிலப்படத்தில் குறித்துப் பார்த்தார். அவை பிராட் தெருவிலிருந்த ஒரு கைப்பம்பைச் சுற்றிச் செறிந்திருந்தன. அவர் எடுத்துக் காட்டிய காரணங்களை ஏற்று, பம்பின் கைப்பிடி கழற்றப்பட்டது. காலராவின் கிருமியை உலகம் ஏற்றுக்கொள்வதற்குப் பல்லாண்டுகள் முன்னரே, கணக்கைக் கொண்டு நோயின் வழி அறியப்பட்டது.

இக்கணக்கின் நுட்பத்தை ஓர் எடுத்துக்காட்டால் விளக்குவோம். ஒரு மலைக் குடியிருப்பில் 280 பேர் வாழ்வதாகக் கொள்வோம். அவர்களுள் 40 பேர் ஓர் ஊற்றிலும், 240 பேர் மேல்நிலைத் தொட்டியிலும் குடிநீர் எடுக்கிறார்கள். ஒரு வாரத்தில் 24 பேருக்கு வயிற்றுப்போக்கு. விசாரித்ததில் ஊற்று நீர் குடித்தோர் 12 பேர், தொட்டி நீர் குடித்தோர் 12 பேர் என்று தெரிகிறது. இரண்டும் சமமாயிற்றே, நீரில் குற்றமில்லை என்று நாம் எண்ணிவிடக் கூடும். வல்லுநர் அவ்வாறு எண்ணார். ஊற்று நீர் குடித்த 40 பேரில் 12 என்பது நூற்றுக்கு 30. தொட்டி நீர் குடித்த 240 பேரில் 12 என்பது நூற்றுக்கு 5. ஆகவே ஊற்றை நாடியோருக்கு நோய் ஆறு மடங்கு மிகுதி. பின்னர் அவர், தொட்டி நீர் குடித்தோருள் நோயுற்ற 12 பேரும் மாடு மேய்க்கப் போன இடத்தில் ஊற்று நீரைக் குடித்தார்களா என்று வீடு வீடாகக் கேட்பார்.

இதில் நாம் கருத்தில் கொள்ள வேண்டியது ஒன்று உண்டு. நோயாளிகள் 24 பேர் என்பதை மருத்துவமனை சொல்லும். ஆனால் ஊற்றை நம்பியிருப்போர் 40 பேர், தொட்டியை நம்பியிருப்போர் 240 பேர் என்பதைச் சொல்ல வேண்டியவர்கள் ஊராட்சியினரே. அவ்வெண்கள் இல்லையேல் மேற்கண்ட கணக்கே இல்லை.

நம் நாட்டில் வளர்ந்த முறை

இத்துறையில் நம் மாநிலத்திற்கு நெடிய வரலாறு உண்டு. 1939ஆம் ஆண்டின் சென்னைப் பொதுச் சுகாதாரச் சட்டம், குறிப்பிட்ட தொற்றுநோய்களை அரசுக்கு அறிவிப்பதைக் கடமையாக்கியது. ஜப்பானிய மூளைக்காய்ச்சல் இந்தியாவில் முதன்முதலாக அறியப்பட்டது 1955ஆம் ஆண்டில், வேலூர்ப் பகுதியிலேயாகும்.

1980களில் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியைச் சேர்ந்த டாக்டர் டி. ஜேக்கப் ஜானும் அவருடைய குழுவினரும், அன்றைய வட ஆற்காடு மாவட்டத்தில் ஓர் எளிய முறையை வகுத்தனர். அரசு மருத்துவர்களும் தனியார் மருத்துவர்களும் குறிப்பிட்ட சில நோய்களைக் கண்டவுடன், அஞ்சல் அட்டை ஒன்றில் குறித்து அனுப்பினர். ஆய்வுக்கூட முடிவு வரட்டும் என்று காத்திராமல், ஐயம் எழுந்த அளவிலேயே அறிவிப்பது இதன் சிறப்பு. வந்த செய்திகள் தொகுக்கப்பட்டு, மாதந்தோறும் ஓர் இதழாக அம்மருத்துவர்களுக்கே திரும்பிச் சென்றன. தாம் எழுதிய அட்டை பயன்பட்டது என்று கண்டவர் மீண்டும் எழுதுவார் அல்லவா?

2004ஆம் ஆண்டில் ஒருங்கிணைந்த நோய்க் கண்காணிப்புத் திட்டம் நாட்டில் தொடங்கப்பட்டது. இதன்படி சுகாதாரப் பணியாளர் அறிகுறியைக் கொண்டும், மருத்துவர் தம் கணிப்பைக் கொண்டும், ஆய்வுக்கூடத்தார் சோதனை முடிவைக் கொண்டும் தனித்தனியே அறிக்கை தருகின்றனர். 2021ஆம் ஆண்டு முதல் இவ்வறிக்கைகள் நாடு முழுவதற்குமான ஒரே கணினித் தளத்தில் ஏற்றப்படுகின்றன. மாவட்டக் கண்காணிப்புப் பிரிவிலுள்ள வல்லுநர், ஓரிடத்தில் நோய் வழக்கத்தை விஞ்சுகிறதா என்று நோக்குகிறார். விஞ்சினால் விரைவு நடவடிக்கைக் குழு புறப்படுகிறது. இத்தகைய வல்லுநர்களை உருவாக்கும் பயிற்சியைச் சென்னையிலுள்ள தேசிய நோய்ப்பரவியல் நிறுவனம் 2001ஆம் ஆண்டு முதல் அளித்து வருகிறது.

பூச்சியத்தின் பொருள்

சமவெளியில் இம்முறை இயங்குவது எளிது. மலையிலோ ஒரு பேரிடர் உண்டு. ஒரு குடியிருப்பிலிருந்து ‘நோயாளி எவருமில்லை’ என்று அறிக்கை வந்தால் அதற்கு இரு பொருள் கொள்ளலாம். மெய்யாகவே நோயில்லை என்பது ஒன்று. நோயுற்றவர் எவரும் மருத்துவ நிலையத்தை வந்தடையவில்லை என்பது மற்றொன்று. சாமைக் கொல்லைகளின் நடுவே சிதறிக் கிடக்கும் குடியிருப்புகளிலிருந்து மண்பாதையில் நடந்து வரவேண்டிய தாய், குழந்தையின் பேதி இன்று நின்றுவிடும், நாளை நின்றுவிடும் என்று காத்திருப்பாள். உப்புச் சர்க்கரைக் கரைசல் காலத்தில் கிடைத்தால் பிழைக்கும் குழந்தை, அவ்விரண்டு நாளில் நீர் வற்றி மடிந்துபோகலாம். அப்போதும் ஏட்டில் பூச்சியமே இருக்கும். கணக்கில் வராத சாவை எந்த வல்லுநராலும் தடுக்க இயலாது.

மற்றோர் இடர் முகவரியைப் பற்றியது. மலையிலிருந்து இறங்குவோர் சிலர் போளூருக்கும், சிலர் திருப்பத்தூருக்கும், சிலர் வேலூருக்கும் செல்கின்றனர். அங்கே சீட்டில் ‘ஜவ்வாது மலை’ என்றோ ‘ஜமுனாமரத்தூர்’ என்றோ மட்டும் எழுதப்படுமாயின், ஒரே குடியிருப்பைச் சேர்ந்த மூவர் மூன்று மருத்துவமனைகளில் மூன்று தனி நோயாளிகளாக மறைந்துவிடுவர். மேலும், வட ஆற்காடு 1989இல் பிரிக்கப்பட்டது. வேலூர் மாவட்டம் 2019இல் மீண்டும் பிரிக்கப்பட்டது. இன்று இம்மலை திருவண்ணாமலை, வேலூர், திருப்பத்தூர் ஆகிய மூன்று மாவட்டங்களிலும் பரந்திருக்கிறது. மலை ஒன்று, கணக்கேடு மூன்று. நோய்க்கு எல்லைக்கல் தெரியாது.

உண்ணிக் காய்ச்சல் தரும் பாடம்

ஸ்க்ரப் டைபஸ் என்னும் உண்ணிக் காய்ச்சலை இங்கே குறிப்பிடுதல் பொருந்தும். புதர்களில் வாழும், கண்ணுக்கு எளிதிற் புலப்படாத ஒருவகைச் சிற்றுண்ணியின் இளம்பருவம் கடிப்பதால் இது உண்டாகிறது. விறகு பொறுக்குவோரும் புதர் வெட்டுவோரும் ஆடு மேய்ப்போரும் இதற்கு எளிதில் இலக்காவர். கடித்த இடத்தில், சிகரெட்டால் சுட்டதுபோன்ற கரும்பொருக்கு சிலருக்குத் தோன்றும். அஃது அக்குள், இடுப்பு போன்ற மறைவிடங்களில் இருக்குமாதலால் காணாமற் போவதுண்டு. டாக்ஸிசைக்ளின், அசித்ரோமைசின் போன்ற மருந்துகளுக்கு இந்நோய் அடங்கும். பென்சிலின் வகை மருந்துகளுக்கு அடங்காது. காலம் தாழ்த்தினால் நுரையீரல், சிறுநீரகம், மூளை ஆகியவற்றைத் தாக்கி உயிரைப் பறிக்கும்.

ஏட்டில் இதனை வெறும் ‘காய்ச்சல்’ என்று எழுதிவிட்டால் செய்தி அத்துடன் முடிந்துவிடும். இன்ன குடியிருப்பில், இன்ன வாரத்தில், புதர் வேலைக்குச் சென்ற நால்வருக்குக் காய்ச்சல் என்று எழுதினாலோ, வல்லுநருக்கு ஐயம் பிறக்கும். இரத்தம் சோதனைக்குப் போகும். ஐந்தாமவர் வரும்போது மருத்துவர் உரிய மருந்துடன் இருப்பார்.

நாம் செய்யத்தக்கவை

1. ஒவ்வோர் ஊராட்சியும் தன் குடியிருப்புகள் அனைத்தின் பெயர், வீடுகளின் தொகை, மக்கள் தொகை, எந்த வீட்டார் எந்த நீரைக் குடிக்கின்றனர் என்னும் விவரம் ஆகியவற்றைக் கொண்ட பட்டியலை எழுதி, ஆண்டுதோறும் திருத்தி, ஆரம்ப சுகாதார நிலையத்திற்கு ஒரு படி அளிக்க வேண்டும்.

2. ஒரே குடியிருப்பில் ஒரு வாரத்திற்குள் இருவருக்கு மேல் வயிற்றுப்போக்கோ காய்ச்சலோ கண்டாலும், காரணம் விளங்காத சாவு ஒன்று நேர்ந்தாலும், அன்றே கிராம சுகாதாரச் செவிலியருக்கோ சுகாதார ஆய்வாளருக்கோ தெரிவிக்க வேண்டும். உறுதி செய்வது அவர்கள் வேலை. ஐயத்தைச் சொல்வது நம் வேலை.

3. மருத்துவமனைக்குச் செல்வோர் தம் குடியிருப்பின் பெயரைச் சொல்லிச் சீட்டில் எழுதச் செய்யுமாறு மக்களுக்கு எடுத்துரைக்க வேண்டும்.

4. தொட்டி இயக்குபவர் 1000 லிட்டர் நீருக்கு 4 கிராம் வீதம் பிளீச்சிங் பவுடரை வாளியில் கரைத்து, தெளிந்த நீரை மட்டும் தொட்டியில் ஊற்றி, ஒரு மணி நேரம் கழித்தே நீரைத் திறந்துவிட வேண்டும். 30,000 லிட்டர்த் தொட்டிக்கு 120 கிராம் ஆகும். கடைசிக் குழாயில் குளோரின் எஞ்சியுள்ளதா என்று சோதித்து, நாளேட்டில் குறிக்க வேண்டும்.

5. ஊற்று நீர் தீங்கானது என்று வல்லுநர் கண்டறிந்தால், ‘குடிக்கலாகாது’ என்று பலகை நாட்டுவதோடு நம் கடமை முடிந்துவிடாது. மாற்று நீர் அன்றே போய்ச் சேர வேண்டும். வேறு நீர் இல்லாதவர் பலகையைப் படித்துவிட்டு அதே நீரைத்தான் குடிப்பார்.

6. ஆய்வின் முடிவைக் கிராம சபையில் படித்துக் காட்ட வேண்டும். செய்தி கொடுத்தவருக்கு அதன் பயன் தெரிதல் வேண்டும்.

முடிவுரை

பெரியம்மை 1975ஆம் ஆண்டுடன் இந்தியாவை விட்டு அகன்றது. அதனை ஒழித்தது தடுப்பூசி என்று சொல்வோம், அது மெய்யே. ஆயினும் தடுப்பூசியை எவ்விடத்திற்குக் கொண்டு செல்வது என்று காட்டியது வீடு வீடாகச் சென்று தேடிய தேடலும், ‘எங்கள் ஊரில் ஒருவருக்கு அம்மை’ என்று வந்து சொன்ன எளிய மக்களின் வாய்மொழியுமாகும்.

மாவட்டத் தலைநகரில் அமர்ந்துள்ள வல்லுநருக்கு மலையைக் காணும் கண்கள் நம்முடையவையே. சாலையும் பள்ளியும் தொட்டியும் அமைப்பது போலவே, நோய்ச் செய்தியை அன்றன்றே அனுப்புவதும் கிராம வளர்ச்சிப் பணியாகும். அதற்குப் பெருஞ்செலவு இல்லை. ஒப்பந்தப் புள்ளி வேண்டியதில்லை. ஒரு நோட்டுப் புத்தகமும், தவறாமல் எழுதும் கையும் போதும். வரும் கிராம சபைக் கூட்டத்திற்கு முன்பே குடியிருப்புப் பட்டியலை ஒவ்வோர் ஊராட்சியும் எழுதி முடிக்குமாயின், அடுத்த மழைக்காலத்தில் சில குழந்தைகளேனும் காக்கப்படுவர்.