அறளை பெயர்வது வயதின் இயல்பா?

தலைமன்னார் தொடக்கம் சிலாவத்துறை வரை எந்தக் கரையோர ஊரில் செவிப்புலன் சோதனைக்கு அமர்ந்தாலும், தள்ளாத தாயையோ தகப்பனையோ கைப்பிடித்து அழைத்துவரும் பிள்ளைகள் என்னிடம் சொல்லும் வசனம் ஒன்றே: "வயசு போனா அறளை பேரும்தானே, அதுக்கு என்ன செய்யிறது?" பாடசாலை அதிபரும் இதையே சொல்கிறார், சம்மாட்டியும் இதையே சொல்கிறார். கேட்டுக் கேட்டு என் பொறுமை தீர்ந்துவிட்டது. ஏனெனில் இது வெறும் அபிப்பிராயமன்று, சிகிச்சைக்குரிய மனிதர்களை வீட்டு மூலையில் கிடத்திவைக்கும் அநியாயம்.

இது வயதின் இயல்பாயின் வயது போனோர் யாவருக்கும் வரவேண்டுமல்லவா? ராகமையில் 65 வயதும் அதற்கு மேலுமான 703 பேரைப் பரிசோதித்து 2003 இல் வெளியிடப்பட்ட ஆய்வில், அறிவுத்திறன் சிதையும் நோய் காணப்பட்டது நூற்றுக்கு ஏறத்தாழ நான்கு பேரிடத்தில் மாத்திரமே. எஞ்சிய தொண்ணூற்றாறு பேரும் வாலிபர்களா? ஜெர்மானிய வைத்தியர் அலோயிஸ் அல்சைமர் 1901 இல் பிராங்பர்ட் நகரில் கண்டு, பின்னர் அவர் பெயராலேயே வழங்கலாகிய நோயின் முதல் நோயாளியான பெண்ணுக்கு அப்போது வயது 51. அவள் இறந்தபின் மூளையைச் சோதித்தபோது, நரம்பணுக்களின் வெளியிலும் உள்ளும் படிந்திருந்த விகாரங்களை அவர் கண்டார். அவை அமிலாய்ட், டௌ என்னும் புரதங்களின் திரட்சி என்பதைப் பிற்காலத்தவர் நிரூபித்தனர். வயது ஏற ஏற இந்நோய்க்கு ஏது அதிகமாகிறது என்பது மெய்தான். கண்புரையும் வயதோடுதான் வருகிறது. அதற்காகப் பார்வையின்றி இருந்துவிட எவரும் சம்மதிப்பதில்லையே.

இதனினும் பெரிய ஆபத்து வேறொன்றுண்டு. அறளை என்று ஒதுக்கப்பட்டவர்களுள் சிலருக்கு அந்நோயே இராது. பி12 விட்டமின் குறைவு, தைரொயிட் சுரப்பியின் மந்தம், துணையை இழந்தபின் வரும் மனச்சோர்வு, உறக்கத்துக்கென்று நெடுங்காலம் விழுங்கும் மாத்திரை, வள்ளத்திலோ குளியலறையிலோ வழுக்கித் தலையடிபட்டுச் சில வாரங்கள் கழித்து மூளையின்மேல் மெல்லத் திரளும் இரத்தம் என இவையனைத்தும் ஞாபகசக்தியைக் குலைத்து மனிதரைத் தடுமாறச் செய்யும், இவையனைத்துக்கும் நிவாரணமுண்டு. எளிய இரத்தச் சோதனையும் தலையின் சீ.டி. படமும் எடுத்துப் பார்க்காமல் தீர்ப்புச் சொல்ல மகனுக்கும் மருமகளுக்கும் யார் அதிகாரம் கொடுத்தது?

மற்ற நம்பிக்கைகளுக்கு இத்தனை வார்த்தை வேண்டியதில்லை. மருமகள் நகையைத் திருடிவிட்டாள் என்று மாமியார் ஓயாது குற்றஞ்சாட்டுவது செய்வினையுமன்று, துர்க்குணமுமன்று. அந்நோயில் சர்வசாதாரணமாக வரும் பிரமை. மடுத் திருப்பதிக்கு நேர்த்தி வைப்பவர் வைக்கட்டும், வைத்தியசாலைக்கும் வரட்டும். அலுமினியப் பாத்திரத்தால் இந்நோய் வருகிறதென்பது நிரூபணமாகாத பேச்சு. நடுக்குவாதத்துக்குப் பூனைக்காலி விதை போதும் என்போர் பாதி உண்மையைப் பிடித்துக்கொண்டவர்கள். அவ்விதையில் லெவோடோப்பா இருப்பதைச் சென்னையில் தாமோதரனும் ராமசாமியும் 1937 இலேயே பிரித்தெடுத்துக் காட்டினர்; இன்றும் அந்நோய்க்குப் பிரதான மருந்து அதுவே. ஆனால் தூளில் அளவு தெரியாது. அளவு தெரியாத மருந்தை வைத்தியர் தரும் மாத்திரையோடு சேர்த்து உண்பவருக்கு உபத்திரவமே மிஞ்சும்.

இந்நோய்கள் ஒரு வைத்தியரால் மாத்திரம் பராமரிக்கப்படக் கூடியவையல்ல. மருந்தை வைத்தியர் எழுதுவார். நடை தளர்ந்தவரை இயன்மருத்துவர் விழாமல் நடக்கப் பழக்குவார். கஞ்சி புரையேறி நுரையீரலுக்குள் போகாதபடி விழுங்கும் முறையைப் பேச்சுச் சிகிச்சையாளர் கற்பிப்பார். இரவெல்லாம் விழித்திருந்து களைத்த மகளின் பாரத்தைத் தாதியும் சமூக சேவை உத்தியோகத்தரும் பங்கிடவேண்டும்.

இவர்களோடு காதைச் சோதிப்பவரும் சேரவேண்டும் என்பது என் தீராத வற்புறுத்தல். லான்செட் ஆணைக்குழு 2024 இல் எண்ணிக் காட்டிய, மாற்றக்கூடிய 14 ஏதுக்களுள் கேள்விக்குறைவும் ஒன்று. உயர் இரத்த அழுத்தமும் சீனி வருத்தமும் புகைத்தலும் தனிமையும் அதே வரிசையில் நிற்பவை. 977 முதியோரிடம் அமெரிக்காவில் நடந்து 2023 இல் வெளிவந்த பரிசோதனையில், அறிவு தளர ஏது அதிகமாயிருந்தவர்களுக்குக் கேட்டல் கருவி முதலான செவிச் சிகிச்சை அளித்தபோது, மூன்று வருஷத்தில் அத்தளர்ச்சியின் வேகம் ஏறத்தாழ பாதியாயிற்று. ஏது குறைந்த மற்றவர்களிடத்தில் அப்பயன் தென்படவில்லை என்பதையும் சொல்லவேண்டும். எஞ்சின் இரைச்சலில் வாழ்நாளைக் கழித்தவர்களும் சங்கு குளித்துக் காது பழுதானவர்களும் நிறைந்த இக்கரையில், கேளாமையால் பதில் சொல்லாதிருப்பவரை அறளை என்று முடிவுகட்டுவதை நான் பலமுறை கண்டிருக்கிறேன். பேசாலையிலும் எருக்கலம்பிட்டியிலும் அழுத்தமும் சீனியும் பார்க்க முதியோரைக் கூட்டும் நாளிலேயே காதும் சோதிக்கப்படட்டும். பெற்றோரை அழைத்துவரும் பிள்ளைகள், அவர்கள் விழுங்கும் மாத்திரைகளையெல்லாம் ஒரு பையில் போட்டு உடன் கொண்டுவரட்டும்.