சாவியை வாங்கியவர் பொறுப்பு

சர்வீஸுக்கு விட்ட காரைப் பற்றி டீலரின் பட்டறையிலிருந்து காலையில் தொலைபேசி வந்து, "சார், ஒரு சின்னப் பிரச்சினை" என்று ஒருவர் ஆரம்பித்தால், பம்பரில் கீறல் விழுந்திருக்கும் என்றோ, உதிரி பாகம் கிடைக்கவில்லை என்றோதான் எண்ணத் தோன்றும்; கார் நின்ற இடமே காலியாக இருக்கிறது என்று யாரும் எதிர்பார்ப்பதில்லை. அந்தச் செய்தியைக் காட்டிலும் எனக்கு அதிக ஆச்சரியத்தை விளைவித்தது, அதைச் சொன்ன மேலாளருடைய சாவதானம். நள்ளிரவுக்குமேல் எவனோ புகுந்து ஓட்டிக்கொண்டு போய்விட்டான், போலீஸில் சொல்லியாயிற்று, நீங்கள் இன்ஷூரன்ஸில் கிளெய்ம் போட்டுவிடுங்கள், பணம் தானே வந்துவிடும் என்று அவர் அடுக்கிய தோரணை, எனக்கு ஏதோ உபகாரம் செய்பவருடையதாக இருந்தது.

நேரில் போய்ப் பார்த்தபோது, வரவேற்பு மேஜைக்குப் பின்னால், கதவோ பூட்டோ இல்லாத ஒரு மரப்பலகையில், ஒவ்வொன்றிலும் வண்டி எண் எழுதிய அட்டை தொங்க, சாவிகள் வரிசையாக மாட்டியிருந்தன. காப்பி குடிக்க வருகிறவர் கை நீட்டினால் எடுத்துவிடலாம். வாசல் காவலரின் பதிவேட்டில் என் கார் உள்ளே வந்த நேரம் இருந்தது, வெளியே போன நேரம் இல்லை. இந்த நிலையில் என் கைபேசியைப் புரட்டியபோது, முந்தின இரவு ஒன்பதரை மணி சுமாருக்கு ஒரு சுங்கச்சாவடியில் ஃபாஸ்டேக்கிலிருந்து கட்டணம் கழிந்ததாக ஒரு குறுஞ்செய்தி கிடந்தது. நள்ளிரவுக் கதை அங்கேயே பொய்த்துப் போயிற்று. ஊழியர்கள் வீடு திரும்புவதற்கு முன்பே வண்டி வாசலைக் கடந்திருக்கிறது. பதற்றத்தில் ஃபாஸ்டேக்கை முடக்கச் சொல்வார்கள். முடக்குவதற்கு முன் அந்தக் குறுஞ்செய்திகளைப் படமெடுத்துப் போலீஸில் கொடுத்துவிடுவது உத்தமம்.

சட்டம் இந்த விஷயத்தில் மேலாளரைவிடத் தெளிவாகவே பேசுகிறது. 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம், ஒரு காரியத்தின் பொருட்டுத் தம் வசம் ஒப்படைக்கப்பட்ட பொருளை, சாதாரண விவேகமுள்ள ஒருவர் தமக்குச் சொந்தமான அத்தகைய பொருளை எவ்வளவு ஜாக்கிரதையாகக் காப்பாரோ அவ்வளவு ஜாக்கிரதையாகக் காக்க வேண்டும் என்று 151-ஆம் பிரிவில் விதிக்கிறது. அந்த ஜாக்கிரதையைக் காட்டியவர் நஷ்டத்துக்குப் பொறுப்பாக மாட்டார் என்று அடுத்த பிரிவிலேயே நிவாரணமும் தருகிறது. ஆகவே திருட்டு நடந்தது என்ற ஒன்றே டீலரைக் குற்றவாளியாக்கிவிடாது. அதே சமயம், திருட்டு நடந்தது என்று சொல்வதால் மட்டும் அவர் விடுபட்டுவிடவும் முடியாது.

ஜாப் கார்டின் பின்புறத்தில், கண்ணாடி போட்டாலும் படிக்க இயலாத எழுத்தில், வாகனம் உரிமையாளரின் பொறுப்பிலேயே நிறுத்தப்படுகிறது என்று ஒரு வரி இருந்தது. அதை விரலால் சுட்டிக்காட்டியபோது மேலாளரின் முகத்தில் தெரிந்த திருப்தியை நான் மறக்கவில்லை. ஆனால் இதே வாசகத்தை நம்பி வாதாடிய தில்லி தாஜ் மகால் ஹோட்டலுக்கு, 2019 நவம்பரில் உச்ச நீதிமன்றம் வேறு விதமாகப் பதிலளித்திருக்கிறது. 1998-இல் ஒரு விருந்தினர் ஹோட்டல் ஊழியரிடம் சாவியைக் கொடுத்துவிட்டு உள்ளே போக, வேறு வண்டியில் வந்த இளைஞர்களில் ஒருவன் அந்தச் சாவியை எடுத்து அவருடைய மாருதி ஜென் காரை ஓட்டிக்கொண்டு போனான். ஒப்படைத்த வண்டி திரும்பி வராவிட்டால், தம்மிடம் அஜாக்கிரதை இல்லை என்று நிரூபிக்கும் பாரம் முதலில் ஹோட்டலையே சாரும் என்றும், உரிமையாளர் பொறுப்பு என்ற அச்சு வாசகம் அஜாக்கிரதையை மூடி மறைக்கும் போர்வை ஆகாது என்றும் அந்தத் தீர்ப்பு சொல்கிறது. ஹோட்டல் விருந்தினருக்குச் சொன்ன நியாயம், சாவியோடு வண்டியை வாங்கி உள்ளே நிறுத்தும் பட்டறைக்கு எப்படிப் பொருந்தாமல் போகும்?

"இன்ஷூரன்ஸ் இருக்கிறதே" என்ற சமாதானத்தில் ஓரளவு உண்மை உண்டு, ஓரளவுதான். கிடைக்கப்போவது பாலிசியில் ஐ.டி.வி. என்று குறித்த மதிப்பு. வண்டிக்கு வயதாக ஆக அது தேய்ந்துகொண்டே வரும். நோ கிளெய்ம் போனஸ் போய்விடும். கடன் பாக்கி இருந்தால் வங்கிக்கு முதல் பங்கு. பணம் வரும்வரை மாதத் தவணையும் நிற்காது. இவற்றையெல்லாம் யார் தலையில் கட்டுவது என்பதே உண்மையான வியாஜ்யம். கிளெய்மைத் தாமதிக்க வேண்டாம். ஆனால் கிளெய்ம் போட்டுவிட்டதால் டீலர் கணக்குத் தீர்ந்துவிட்டதாக எண்ணவும் வேண்டாம்.

இன்ஷூரன்ஸ்காரர்கள் இரண்டு சாவிகளையும் கேட்பார்கள். ஒன்று பட்டறையில் இருந்தது என்பதற்கு டீலரின் கடிதத்தை முதல் நாளே வாங்கிவிடுவது நல்லது. பின்னால் கேட்டால் தலைமை அலுவலகத்தைக் கேட்கவேண்டும் என்பார்கள். வண்டி எவர் வசம் இருந்தபோது களவு போயிற்று என்பது எஃப்.ஐ.ஆரில் இடம்பெற்றிருக்கிறதா என்று வரிவரியாகப் பார்க்க வேண்டும். கண்காணிப்புக் காமிராவின் பதிவு சில நாட்களில் தானாக அழிந்துவிடும் என்பதால், அதைப் பாதுகாக்கும்படி எழுதிக் கொடுத்து, நகலில் முத்திரையும் கையொப்பமும் பெற்றுக்கொண்டேன். பணம் கொடுக்கும் தறுவாயில் இன்ஷூரன்ஸ் கம்பெனி நீட்டுகிற கடிதத்தையும் அவசரப்படாமல் படிக்க வேண்டும். அவர்கள் கொடுத்த தொகைக்கு டீலரிடம் வசூலிக்கும் உரிமையைத் தருவது ஒன்று, நம் உரிமை அனைத்தையும் எழுதிக் கொடுப்பது முற்றிலும் வேறு. இரண்டாவதில் கையொப்பமிட்டால், மீதி நஷ்டத்தைக் கேட்க நமக்கு வாயில்லை.

நுகர்வோர் ஆணையத்துக்குப் போவதற்கு இரண்டு வருஷ அவகாசம் உண்டு. 2019-ஆம் ஆண்டுச் சட்டப்படி, நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே மனுச் செய்யலாம். எனக்கு அதுவரை போக நேரவில்லை. சாவிப் பலகையின் புகைப்படத்தையும் சுங்கச்சாவடிக் குறுஞ்செய்தியையும் இணைத்து வக்கீல் நோட்டீஸ் போன பிறகு, பட்டறையில் நிற்கும் பிறர் வண்டிகளுக்கென்றே டீலர் ஒரு தனிப் பாலிசி எடுத்திருக்கும் விஷயம் மெல்ல வெளிவந்தது, ஐ.டி.வி.க்கு மேற்பட்ட நஷ்டத்தில் பெரும்பகுதி அதன் பிறகு வசூலாயிற்று. அத்தகைய பாலிசி உண்டா, அதன் எண் என்ன என்ற கேள்வியை முதல் கடிதத்திலேயே கேட்டுவிடலாம்.