எடுத்துச் செல்லும் சூரிய மின்பெட்டி: வாங்குமுன் போட வேண்டிய கணக்கு

கடந்த சில மாதங்களாக அங்கத்தினர் பலர் ஒரே விஷயத்தைக் குறித்து நம்மிடம் வினவி வருகின்றனர். கைப்பிடி வைத்த பெட்டி ஒன்றையும், அதனுடன் இணைக்கும் சூரியத் தகடு ஒன்றையும் சேர்த்துக் கடைகளில் விற்கின்றனரே, அதனை வாங்கலாமா, வாங்கினால் எந்த அளவில் வாங்குவது என்பதே அவ்வினா. இதற்கு ஒரே வரியில் விடை கூற இயலாது. ஆயினும் எழுத்தறிந்த எவரும் கால் மணி நேரத்தில் போடக்கூடிய ஒரு கணக்கு உண்டு. அக்கணக்கைப் போடாமல் வாங்கியவர்களே பெரும்பாலும் ஏமாற்றமடைகின்றனர்.

நெசவாளர் ஒருவர் சென்ற ஆண்டு அத்தகைய பெட்டி ஒன்றை வாங்கினார். அட்டையில் ‘500’ என்று பெரிய எழுத்தில் அச்சிட்டிருந்தது. மின்சாரம் நின்ற முதல் இரவிலேயே இரண்டு பல்புகளையும் ஒரு பழைய மின்விசிறியையும் அதில் இணைத்தார். இரண்டு மணி நேரத்தில் பெட்டி அடங்கிவிட்டது. அவர் கடைக்காரரிடம் சென்று சண்டையிட்டார். ஆனால் பெட்டியில் பழுது ஒன்றும் இல்லை; அட்டையில் அச்சிட்டதும் பொய்யில்லை. 500 வாட் என்பது அப்பெட்டி ஒரே சமயத்தில் தரக்கூடிய சக்தி. அதனுள்ளிருந்த பாட்டரியின் கொள்ளளவோ 240 வாட்-மணி. அது பெட்டியின் அடிப்புறத்தில் பொடி எழுத்தில் இருந்தது.

வாட் வேறு, வாட்-மணி வேறு. தறியில் ஒருவர் மணிக்கு எத்தனை கெஜம் நெய்கிறார் என்பது வேகம். அந்திக்குள் எத்தனை கெஜம் நெய்து முடித்தார் என்பது அளவு. வாட் முன்னதைப் போன்றது; வாட்-மணி பின்னதைப் போன்றது. விவசாய அங்கத்தினர்களுக்கு வேறு விதமாகக் கூறலாம்: வாட் என்பது மடையின் அகலம், வாட்-மணி என்பது ஏரியில் நிற்கும் நீர். மடை எவ்வளவு அகலமாக இருந்தாலும் ஏரியில் உள்ளதற்கு மேல் பாயாது. மின்வாரியம் நமக்குக் கணக்கிடும் ஒரு யூனிட் என்பது 1,000 வாட்-மணியே.

சில சிறு பெட்டிகளில் வாட்-மணியைக் குறிப்பிடாமல் ‘50,000 மில்லி ஆம்பியர்-மணி’ என்று எழுதியிருப்பார்கள். எண் பெரிதாக இருப்பதைக் கண்டு மயங்கலாகாது. இவ்வெண் பெரும்பாலும் 3.7 வோல்ட் கொண்ட தனிக் கலத்தைக் குறித்தது. ஆயிரத்தால் வகுத்து 3.7-ஆல் பெருக்கினால் 185 வாட்-மணி மட்டுமே வரும்.

இனி, இச்சாதனம் எதற்கு உதவாது என்பதை முதலிற் கூறிவிடுகிறோம். மின் கட்டணத்தை மிச்சப்படுத்துவதற்காக இதனை வாங்குவது வீண். தமிழ்நாட்டில் கைத்தறி நெசவாளருக்கு இரு மாதங்களுக்கு 200 யூனிட்டாக இருந்த இலவச மின்சாரம் 2023-ஆம் ஆண்டில் 300 யூனிட்டாக உயர்த்தப்பட்டது. நடுத்தரமான ஒரு மின்பெட்டி நாள் முழுவதும் உழைத்தாலும் அரை யூனிட்டைத்தான் தரும். அவ்வாறே, 5 குதிரைத் திறன் மோட்டார் ஒரு மணி நேரம் ஓடச் சுமார் நான்கு யூனிட் வேண்டும். ஆகையால் கிணற்று மோட்டாரை இதனால் ஓட்டலாம் என்று எவரேனும் கூறினால் அவரிடம் மேற்கொண்டு பேச வேண்டியதில்லை. சூரிய பம்புசெட்டுக்கு 2019-இல் தொடங்கிய பி.எம். குசும் திட்டத்தின் வழியே மானியம் உண்டு. அதற்கு வேளாண்மைப் பொறியியல் துறையை அணுகுதல் வேண்டும். விசைத்தறியும் இக்கணக்கில் அடங்காது. நாள்தோறும் ஓரிரு மணி நேரம் மட்டுமே மின்சாரம் நிற்கும் ஊரில், மின்வாரிய மின்சாரத்தாலேயே நிரம்பும் சாதாரண வீட்டு இன்வெர்ட்டர் செலவு குறைந்தது என்பதும் நமது அபிப்பிராயம்.

பின் யாருக்கு இது பயன்படும்? மின்கம்பி எட்டாத தோட்டத்தில் காவல் இருப்பவருக்கும், கண்காட்சிகளுக்கும் சந்தைகளுக்கும் சேலை மூட்டையுடன் செல்பவருக்கும், புயல் அடிக்கும் கரையோரக் கிராமத்தாருக்கும் பயன்படும். 2018-ஆம் ஆண்டு நவம்பர் 16-ஆம் தேதி கஜா புயல் வேதாரண்யத்தருகே கரையைக் கடந்தபோது, மின்கம்பங்கள் சாய்ந்து, நாகப்பட்டினம், திருவாரூர், தஞ்சாவூர், புதுக்கோட்டை மாவட்டங்களின் பல கிராமங்கள் வாரக்கணக்கில் இருளில் கிடந்தன. வீட்டு இன்வெர்ட்டர் இருந்தும் அதனை நிரப்ப மின்சாரம் இல்லை. கைப்பேசியில் ஒரு செய்தி சொல்லவும் வழியின்றித் தவித்தவர் பலர். அத்தகைய நாட்களில் வெயிலிலிருந்து கிடைக்கும் சிறிதளவு மின்சாரமும் பெரிது.

கணக்கிற்கு வருவோம். ஒரு நெசவாளர் வீட்டை எடுத்துக்கொள்வோம். தறிக்கு மேல் ஒன்றும் சமையலறையில் ஒன்றுமாக 9 வாட் எல்.இ.டி. பல்புகள் இரண்டு, ஐந்து மணி நேரம் எரிந்தால் 90 வாட்-மணி. புதுவகை பி.எல்.டி.சி. மின்விசிறி ஒன்று 30 வாட் வீதம் எட்டு மணி நேரம் சுழன்றால் 240. கைப்பேசிகள் இரண்டுக்கு 30. ஆக மொத்தம் 360. பாட்டரியிலிருந்து எடுக்கும்போதும் 230 வோல்ட்டாக மாற்றும்போதும் ஐந்தில் ஒரு பங்கு வீணாகும் என்று கொள்வது உத்தமம். ஆகவே 360-ஐ 0.8-ஆல் வகுக்க 450 வாட்-மணி வரும். இவ்வீட்டுக்கு வேண்டிய பெட்டி இந்த அளவு. இதற்குக் குறைந்தது அன்று.

அதே வீட்டில் 75 வாட் பழைய மின்விசிறி இருப்பின் என்னவாகும்? விசிறிக்கு மட்டும் 600 வாட்-மணி, மொத்தம் 720, பெட்டி 900 வாட்-மணியாக இருத்தல் வேண்டும். அதாவது பெட்டி இருமடங்கு ஆகிறது. பெட்டியைப் பெரிதாக்குவதற்கு ஆகும் பணத்தில் ஒரு சிறு பகுதியைக் கொண்டே புதுவிசிறி வாங்கிவிடலாம். ஆதலால் முதலில் விசிறியை மாற்றுங்கள், பிறகு பெட்டியை விலை பேசுங்கள் என்றே நாம் கேட்பவர்களிடமெல்லாம் கூறி வருகிறோம்.

தோட்டக் காவலுக்கு இவ்வளவு வேண்டாம். 5 வாட் விளக்கு இரவு பன்னிரண்டு மணி நேரத்திற்கு 60, கைப்பேசிக்கு 15, 12 வோல்ட், 8 ஆம்பியர்-மணி பாட்டரித் தெளிப்பானை ஒருமுறை நிரப்ப 96. மொத்தம் 171, வீணாவதையும் சேர்த்தால் 215-க்குள் அடங்கும். 250 வாட்-மணிப் பெட்டி ஒன்று போதும்.

இங்கே ஒரு சிறு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். பெட்டியிலுள்ள இன்வெர்ட்டர், ஒன்றும் இணைக்காமல் திறந்து வைத்திருந்தாலும் தானே சிறிது மின்சாரத்தை உண்ணும். 10 வாட் உண்பதாக வைத்துக்கொண்டால், இரவு பத்து மணி நேரத்தில் 100 வாட்-மணி போய்விடும். ஒற்றை விளக்குக்காக இன்வெர்ட்டரைத் திறந்து வைப்பது, ஒரு குடம் நீருக்காக மடையைத் திறப்பதற்கு ஒப்பாகும். 12 வோல்ட் துளையில் நேரே இணைக்கும் விளக்கும் விசிறியும் கடைகளில் கிடைக்கின்றன. இவற்றுக்கு இன்வெர்ட்டரே தேவையில்லை. இன்வெர்ட்டர் அவசியமாயின் ‘சைன் அலை’ தருவதாக இருக்கட்டும். சதுர அலை தரும் மலிவுச் சரக்கில் விசிறி இரைந்து சூடேறும்.

பாட்டரியில் மூன்று வகைகள் வழக்கில் உள்ளன. ஈயப் பாட்டரி விலை குறைவு, எடை அதிகம். பாதிக்குக் கீழே அடிக்கடி இறக்கினால் விரைவில் கெடும். ஆகையால் அதன் கொள்ளளவில் பாதியையே கணக்கில் சேர்க்க வேண்டும். லித்தியம் பாட்டரியில் இரு வகை: நிக்கல், மாங்கனீசு, கோபால்ட் கலந்தது எடை குறைந்தது, ஆனால் சில நூறு முதல் ஆயிரம் முறை வரை நிரப்பி வெறுமையாக்கினால் தளர்ந்துவிடும். லித்தியம் அயர்ன் பாஸ்பேட் சற்றுக் கனம். எனினும் 2,000 முறைக்கு மேலும் தாங்கும், சூட்டையும் நன்கு பொறுக்கும். நாள்தோறும் பயன்படுத்தினாலும் ஐந்து ஆண்டுகளுக்குக் குறையாது. நமது வெப்பப் பிரதேசத்திற்குப் பின்னதே ஏற்றது. விலையை வாட்-மணியால் வகுத்து, ஒரு வாட்-மணிக்கு எத்தனை ரூபாய் ஆகிறது என்று இரண்டு மூன்று கடைகளில் ஒப்பிட்டுப் பாருங்கள். ஒரே வகைப் பாட்டரிகளுக்குள் மட்டுமே இவ்வாறு ஒப்பிட வேண்டும்.

அடுத்து, தகடு. 1954-இல் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தார் சிலிக்கன் சூரியக் கலத்தை வெளியிட்டபோது, அதன் மேல் விழுந்த ஒளியில் நூற்றுக்கு ஆறு பங்கே மின்சாரமாயிற்று. இன்றைய நல்ல தகடுகள் இருபது பங்குக்கு மேல் தருகின்றன. உச்சி வெயிலில் ஒரு சதுர மீட்டர் பரப்பில் விழும் ஒளி சுமார் 1,000 வாட். ஆகவே ஒரு சதுர மீட்டர் தகடு ஏறக்குறைய 220 வாட் தரலாம். இதனை நினைவில் வைத்துக்கொண்டால் கடையிலேயே மோசடியைக் கண்டுபிடித்துவிடலாம். ஒரு மீட்டர் நீளமும் அரை மீட்டர் அகலமும் உள்ள தகட்டில் ‘200 வாட்’ என்று எழுதியிருந்தால் அது பொய். நாடாவை எடுத்து, மடிப்புகளை விரித்து, கலங்கள் உள்ள பரப்பை மட்டும் அளந்து பாருங்கள். விற்பவர் கோபித்துக்கொண்டால் கோபித்துக்கொள்ளட்டும்.

உண்மையான 100 வாட் தகடும் நம் ஊரில் 100 வாட் தருவது அரிது. அவ்வெண் கலத்தின் வெப்பம் 25 டிகிரியாக உள்ள நிலையில் அளந்தது. சித்திரை வெயிலில் கலம் 60 டிகிரியை எட்டும். அப்போது எட்டில் ஒரு பங்கு குறைந்துபோகும். தூசு, கம்பி, தகடு சாய்ந்த கோணம் ஆகியவை தம் பங்கைக் கழிக்கும். முழு வெயிலுக்குச் சமமான நேரம் தமிழ்நாட்டில் ஆண்டுச் சராசரியாக நாளொன்றுக்கு ஐந்து மணி என்று கொண்டு, பத்தில் மூன்று பங்கைக் கழித்தால், 100 வாட் தகட்டிலிருந்து 350 வாட்-மணி கிடைக்கும். நமது நெசவாளர் வீட்டுக்கு 450 வேண்டுமே! ஆகவே 150 வாட் தகடு அவசியம். ஐப்பசி கார்த்திகை அடைமழையில் இதில் பாதியும் கிடைக்காத நாட்கள் உண்டு. புயலுக்கென்றே வாங்குபவர்கள், முன்னறிவிப்பு வந்தவுடன் மின்வாரிய மின்சாரத்தாலேயே பெட்டியை நிரப்பி வைத்துக்கொள்ளல் வேண்டும்; அவ்வாறு நிரப்ப வசதியுள்ள பெட்டியையே தெரிந்தெடுக்க வேண்டும்.

துணியில் தைத்த மடிப்புத் தகடு ஊர் ஊராகச் செல்பவருக்கு ஏற்றது. ஓரிடத்தில் இருப்பவருக்குக் கண்ணாடியும் அலுமினியச் சட்டமும் கொண்ட தகடே விலையிலும் உழைப்பிலும் மேலானது. தென்னையோலை ஒன்றின் நிழல் தகட்டின் மூலையில் விழுந்தாலும் போதும், விளைவு நிழலின் அளவைக் காட்டிலும் பன்மடங்காகக் குறையும். கலங்கள் சங்கிலி போல் கோக்கப்பட்டிருப்பதே காரணம். மாடியிலிருந்து பத்து மீட்டர் கம்பி இழுப்பதாயின், 1.5 சதுர மில்லிமீட்டர் கம்பியில் நூற்றுக்கு ஏழு பங்கு வழியிலேயே போகும். 4 சதுர மில்லிமீட்டர் கம்பியில் மூன்றுக்கும் குறைவு.

தகட்டைத் தனியாக வாங்கும்போது வோல்ட்டையும் பார்க்க வேண்டும். ‘12 வோல்ட் தகடு’ எனப்படுவது உண்மையில் வேலை செய்யும்போது 18 வோல்ட்டும், இணைக்காத நிலையில் 21 அல்லது 22 வோல்ட்டும் காட்டும். பெட்டி தாங்கும் உச்ச வோல்ட் அதன் துளையருகே எழுதியிருக்கும். அதிகம் கிடைக்கட்டும் என்று இரண்டு தகடுகளைத் தொடராகக் கோத்து 44 வோல்ட்டைச் செலுத்தினால், 28 வோல்ட் மட்டுமே தாங்கும் பெட்டி அன்றே கருகிவிடும்.

தகட்டில் ஐ.எஸ். 14286 என்ற இந்தியத் தர எண்ணும், லித்தியம் பாட்டரியில் ஐ.எஸ். 16046 என்ற எண்ணும் உள்ளனவா என்று காண்க. ரசீதும், உத்தரவாதத்தை எழுத்தில் தந்த தாளும், பழுது பார்க்கும் இடம் மாவட்டத்திற்குள் எங்கே உள்ளது என்ற விவரமும் இன்றிப் பணம் கொடுக்கலாகாது. பத்துப் பேர் சேர்ந்து சங்கத்தின் மூலம் வாங்குவதாயின், முதலில் ஒன்றை மட்டும் வாங்கி, சங்கக் கட்டிடத்தில் விசிறியையும் விளக்கையும் இணைத்து, அணையும் வரை ஓடவிட்டு, மணியைக் குறித்துக்கொள்ளுங்கள். கணக்கும் மணியும் ஏறக்குறைய ஒத்து வந்தால் மற்ற ஒன்பதுக்கும் பேசலாம்.

ஆபத்தான ஒரு பழக்கத்தையும் கண்டிக்க வேண்டியுள்ளது. பெட்டியின் மின்சாரத்தை இருபுறமும் முனை வைத்த கம்பியினால் சுவர்ப் பிளக்கில் செலுத்தி, வீடு முழுவதும் விளக்கேற்ற முயல்கின்றனர் சிலர். அம்மின்சாரம் தெருக் கம்பிக்குச் சென்று, டிரான்ஸ்பார்மர் வழியே பல ஆயிரம் வோல்ட்டாகப் பெருகி, கம்பத்தில் ஏறி வேலை செய்யும் மின்வாரியத் தொழிலாளியின் உயிரை வாங்கக்கூடும். விளக்கையும் விசிறியையும் பெட்டியிலேயே நேராக இணைக்க வேண்டும்.

தகடு வெயிலில் இருக்கட்டும். பெட்டி நிழலில் இருக்க வேண்டும். தறிக்கூடத்தில் வைப்பவர்கள், காற்றுத் துளைகளில் பஞ்சுத் தூசி அடைந்துள்ளதா என்று வாரம் ஒருமுறை பார்த்துத் துடைக்க வேண்டும். நூல் கட்டுகளின் மேல் வைப்பது கூடாது. தகட்டை விடியற்காலையில், அது குளிர்ந்திருக்கும்போது, வெறும் நீரும் மென்துணியும் கொண்டு கழுவலாம். நெடுநாள் பயன்படுத்தாமல் வைப்பதாயின், பாதிக்குச் சற்று மேல் நிரப்பி வைத்து, மூன்று மாதங்களுக்கு ஒருமுறை எடுத்துப் பார்த்து, குறைந்திருந்தால் மீண்டும் நிரப்ப வேண்டும். ஈயப் பாட்டரி மட்டும் எப்போதும் முழுமையாக நிரம்பியே இருத்தல் வேண்டும்.